கணினிக்குள் ஒரு கணினி: ‘ஸ்டார்ட்’ அழுத்தியும் எழாதது ஏன்?

கேள்வி: விண்டோஸ் 11 உள்ள என் மடிக்கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர் கணினி) மென்பொருளாகவே இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவினேன். ஊடுருவல் பயிற்சிக்கான இயங்குதளமான காளி லினக்ஸின் தளத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் மெய்நிகர் கணினியைப் பதிவிறக்கி, சுருக்கிய கோப்புகளை விரிக்கும் 7-ஜிப் கொண்டு பிரித்து, விர்ச்சுவல்பாக்ஸில் சேர்த்தேன். ‘ஸ்டார்ட்’ அழுத்தியவுடன் ஒரு பிழைச் செய்தி வருகிறது. முதல் வரியில் ‘நாட் இன் எ ஹைப்பர்வைசர் பார்ட்டிஷன்’ என்றும், இரண்டாம் வரியில் ‘விடி-எக்ஸ் இஸ் டிஸேபிள்ட் இன் த பயாஸ்’ என்றும், அதற்கும் கீழே 80004005 என்று முடியும் ஓர் எண்ணும் உள்ளன. கோப்பை மறுபடியும் பதிவிறக்கிப் பார்த்தேன், பயனில்லை. இணையத்தில் ஒருவர், மெய்நிகர் கணினிகளை இயக்க விண்டோஸிலேயே உள்ள ஹைப்பர்-வி வசதியை இயக்கச் சொல்கிறார், இன்னொருவர் அதை அணைக்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். பதிவிறக்கிய கோப்பிலும் குறை இருப்பதாகத் தெரியவில்லை. கோப்பு பழுதாகியிருந்தால் 7-ஜிப் அதைப் பிரிக்கும்போதே முறையிட்டிருக்கும். உங்களுக்கு வந்த செய்தியோ மெய்நிகர் வன்தட்டிலிருந்து ஒரு எழுத்தைக்கூடப் படிப்பதற்கு முன்பே எழுவது.

அந்தச் செய்தியை வரி வரியாகப் பார்ப்போம். கடைசியில் உள்ள 80004005 என்னும் எண்ணுக்கு ‘ஏதோ தவறிவிட்டது’ என்பதற்கு மேல் பொருளில்லை. விண்டோஸில் நூறு வகைக் கோளாறுகளுக்கு அதே எண்தான் வரும் என்பதால், அதை வைத்துத் தேடுபவருக்குத் தொடர்பில்லாத ஆலோசனைகளே கிடைக்கும். முதல் வரி பிழையைப் போலத் தோன்றினாலும் உண்மையில் பிழையன்று. விர்ச்சுவல்பாக்ஸ் தொடங்கும்போது, விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை மேய்க்கும் அடித்தள மென்பொருள்; ஹைப்பர்-வியின் கரு) ஏற்கெனவே இயங்குகிறதா என்று பார்க்கிறது. இயங்கினால் அதன் மேல் ஏறிக்கொள்ளும். உங்கள் கணினியில் அது இயங்கவில்லை என்பதைத்தான் முதல் வரி சொல்கிறது. அதன் பிறகு விர்ச்சுவல்பாக்ஸ் பிராசசரை நேரடியாகக் கேட்கிறது. அங்கே கதவு பூட்டியிருக்கிறது என்பது இரண்டாம் வரி. உங்களைத் தடுத்து நிறுத்தியது இந்த இரண்டாம் வரி மட்டுமே. பலரும் முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொண்டு ஹைப்பர்-வியோடு மல்லுக்கட்டத் தொடங்குவதால்தான் இணையத்தில் அந்த இருவேறு ஆலோசனைகளும் உலவுகின்றன.

விடி-எக்ஸ் என்பது ஒரே பிராசசரில் இரண்டு இயங்குதளங்கள் ஒன்றையொன்று இடறாமல் ஓடுவதற்காக இன்டெல் நிறுவனம் வன்பொருளிலேயே அமைத்துள்ள வசதி. ஏஎம்டி பிராசசர்களில் இதற்கு இணையானது ஏஎம்டி-வி. விண்டோஸுக்கு முன்பே எழுந்து கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளின் திரையில் அது பெரும்பாலும் ‘எஸ்விஎம் மோட்’ என்ற பெயரில் இருக்கும். வசதி இருந்தும் சில மடிக்கணினிகள் அதை அணைத்த நிலையிலேயே கடைக்கு வருகின்றன. கணினிக்கு மின்சாரம் கிடைத்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே, பயாஸ் மென்பொருள் பிராசசருக்குள் உள்ள ஒரு சிறு பதிவகத்தில் ‘அனுமதி இல்லை’ என்று எழுதி, அந்தப் பதிவகத்தையும் பூட்டிவிடுகிறது. அடுத்த முறை கணினி புதிதாகத் தொடங்கும் வரை அந்தப் பூட்டை எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது. விர்ச்சுவல்பாக்ஸை நீக்கி நிறுவுவதோ, நிர்வாகி உரிமையுடன் இயக்குவதோ, கோப்பை மீண்டும் பதிவிறக்குவதோ பலன் தராததற்குக் காரணம் இதுதான்.

முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘சிபியு’வைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தின் கீழே ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரியில் ‘டிஸேபிள்ட்’ என்று இருந்தால் நோய் உறுதியாயிற்று. பிறகு பயாஸுக்குள் செல்ல வேண்டும். எஃப்2, எஃப்10, டெலீட் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் விசை மாறுவதால், விண்டோஸ் வழியாகச் செல்வதே எளிது: செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, அதில் ‘ரெகவரி’, அதில் ‘அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்அப்’, கணினி மறுபடி எழுந்ததும் ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ வழியாக ‘யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்’ (இன்றைய பயாஸின் பெயர்தான் யுஇஎஃப்ஐ). அங்கே அட்வான்ஸ்ட், கான்ஃபிகரேஷன், செக்யூரிட்டி ஆகிய தலைப்புகளில் ஏதேனும் ஒன்றின் கீழ் ‘இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’ இருக்கும்; விடி-எக்ஸ் என்பது அதுதான். அதை இயக்கி, மாற்றத்தைச் சேமித்து வெளியே வந்தால் போதும்.

அதற்கு முன்பு ஒரு முக்கியமான எச்சரிக்கை. உங்கள் வன்தட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் மூலம் பூட்டப்பட்டிருந்தால் (புதிய மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் அது நடந்திருக்கும்), பயாஸில் செய்யும் மாற்றத்தைக் கண்டு விண்டோஸ் ஐயுற்று 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸைத் தொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகு காளி எழுந்துவிடும்; பயனர்பெயர், கடவுச்சொல் இரண்டுமே ‘காளி’, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில். அது மிக மெதுவாக நகர்ந்தால், மெய்நிகர் கணினிச் சாளரத்தின் அடிப்பட்டையில் வலது ஓரமாக ஒரு பச்சை ஆமைப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், இப்போது விண்டோஸின் ஹைப்பர்வைசர் விழித்துக்கொண்டது என்றும், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறி ஓடுகிறது என்றும் பொருள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கோர் ஐசொலேஷன்’ என்பதன் கீழுள்ள ‘மெமரி இன்டெக்ரிட்டி’யும், லினக்ஸை விண்டோஸுக்குள் இயக்கும் டபிள்யுஎஸ்எல் 2-உம் அதை விழிக்க வைப்பவை. ஹைப்பர்-வியை அணைக்கச் சொன்னவரின் பேச்சு எடுபடும் இடம் இது ஒன்றே. என்றாலும், மெமரி இன்டெக்ரிட்டி என்பது தீங்கான டிரைவர்கள் விண்டோஸின் கருவுக்குள் நுழையாமல் காக்கும் அரண். வங்கிக் கணக்கும் கல்லூரிப் பாடங்களும் உள்ள ஒரே கணினியில், சிறிது வேகத்துக்காக அதை அணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆமை வேகத்திலேயே உங்கள் பயிற்சி நடக்குமானால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பயிற்சி மையம் ஒன்று, மெய்நிகர் கணினி அடங்கிய 6 ஜிபிக்கு மேற்பட்ட ஓவிஏ கோப்பு ஒன்றுக்கு இணைப்பு அனுப்பியது. இறக்குமதிச் சாளரத்தில் கணினியின் பெயர், நினைவக அளவு எல்லாம் சரியாகத் தெரிகின்றன. ஆனால் இறக்குமதி பாதியில் நின்றுவிடுகிறது. விவரங்கள் சரியாகத் தெரிவதால் கோப்பு நன்றாகத்தானே இருக்க வேண்டும்?
— வாசகர், ஈரோடு

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. ஓவிஏ என்பது, பல கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் டார் முறையில் கட்டிய ஒரே மூட்டை. அதற்குள் கணினியின் அமைப்பை விவரிக்கும் சிறிய ஓவிஎஃப் கோப்பும், பெரும்பாலும் விஎம்டிகே வகையிலான வன்தட்டுக் கோப்பும், சரிபார்ப்புக்கான எண்கள் கொண்ட ஒரு பட்டியலும் இருக்கும். விவரக் கோப்புதான் மூட்டையில் முதலாவதாக இருக்க வேண்டும் என்பது அந்த வடிவத்தின் விதி. ஆகவே பதிவிறக்கம் பாதியில் அறுந்து, வன்தட்டின் பின்பகுதி முழுவதும் காணாமல் போயிருந்தாலும், முன்னால் உள்ள பெயரும் நினைவக அளவும் ஒழுங்காகவே திரையில் தெரியும்.

கோப்பை 7-ஜிப்பில் திறந்து பாருங்கள். தரவு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று அது சொன்னால் கோப்பு குறைப்பட்டது. கோப்பின் மேல் வலது சொடுக்கி, 7-ஜிப் தரும் பட்டியலில் ‘எஸ்ஹெச்ஏ-256’ஐத் தேர்ந்தெடுத்தால் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகை கிடைக்கும்; மையத்தினர் தங்கள் மூலக் கோப்புக்கு எடுத்த கைரேகையுடன் அது எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். மையங்கள் இதை இணைப்போடு சேர்த்தே அனுப்புவதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. கேட்டு வாங்குங்கள். கோப்பைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்வதானால், அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பமைப்பு முறையில் இருக்கக் கூடாது. அந்த முறையில் 4 ஜிபியை எட்டும் ஒரு கோப்பை வைக்கவே முடியாது. எக்ஸ்ஃபேட் முறையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கைரேகை ஒத்தும் இறக்குமதி நின்றால், இடப் பற்றாக்குறையாக இருக்கலாம். மூட்டையில் வன்தட்டு சுருக்கப்பட்ட நிலையில் இருப்பதால், விரியும்போது 6 ஜிபி கோப்பு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்பது இயல்பு. வழக்கமாக அது சி டிரைவில், உங்கள் பயனர் கோப்புறைக்குள்தான் விரிகிறது. இறக்குமதிச் சாளரத்திலேயே கோப்புறையை வேறு டிரைவுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு.

கேள்வி: நண்பரின் கணினியில் ஓடிய அதே மெய்நிகர் கணினி, என்னிடம் ‘நான்எக்சிஸ்டென்ட் ஹோஸ்ட் நெட்வொர்க்கிங் இன்டர்ஃபேஸ்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: நண்பர் அதை, வலையமைப்பில் தனிக் கணினி போலவே நேரடியாக இணையும் ‘பிரிட்ஜ்ட்’ முறையில் தம் வலையமைப்பு அட்டையுடன் பிணைத்திருந்தார். அந்த அட்டையின் பெயர் அமைப்புக் கோப்போடு சேர்ந்து உங்களிடம் வந்துவிட்டது. அப்பெயரில் ஓர் அட்டை உங்கள் கணினியில் இல்லை. ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க்’ பகுதியில் முதல் அடாப்டரை, உங்கள் கணினியின் இணைப்பையே பகிர்ந்துகொள்ளும் ‘நேட்’ முறைக்கு மாற்றினால் எழுந்துவிடும். ஆனால் அது ஊடுருவல் பயிற்சிக்காக வேண்டுமென்றே ஓட்டைகளுடன் உருவாக்கப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள் போன்ற கணினியானால், வெளி வலையமைப்பைத் தொடாமல் உங்கள் கணினியோடு மட்டும் பேசும் ‘ஹோஸ்ட்-ஒன்லி’ முறையையே தேர்ந்தெடுங்கள். அத்தகைய ஒன்றை விடுதியின் வைஃபையில் பிரிட்ஜ் செய்வது, அக்கம்பக்கத்தார் அனைவரையும் உள்ளே அழைப்பதாகும்.

கேள்வி: எம்1 சிப் உள்ள மேக்புக்கில், விண்டோஸ் கணினிக்காகத் தந்த ஓவிஏ கோப்பை இயக்க முடியுமா?
— வாசகி, சென்னை

பதில்: விர்ச்சுவல்பாக்ஸில் முடியாது. ஆப்பிள் 2020-இல் கொண்டுவந்த எம்1, ஆர்ம் வகைப் பிராசசர். உங்கள் கோப்பில் உள்ளதோ இன்டெல் வகைக் கட்டளைகளுக்கு எழுதப்பட்ட இயங்குதளம். 2024-இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.1 அந்த மேக்குகளில் இயங்கினாலும், ஆர்முக்கென உருவான இயங்குதளங்களை மட்டுமே ஏற்கும். யுடிஎம் என்ற இலவச மென்பொருள் இன்டெல் பிராசசரைப் பாவனை செய்து, மூட்டையில் உள்ள வன்தட்டை இயக்கப் பார்க்கும். ஒவ்வொரு கட்டளையையும் பெயர்த்துப் பெயர்த்து ஓட்ட வேண்டியிருப்பதால் மிகவும் தாமதமாகும். பயிற்சிக்குத் தேவைப்படுவது காளி, உபுண்டு போன்ற லினக்ஸ்தான் என்றால், அவற்றின் ஆர்ம்64 பதிப்பை அந்தந்தத் தளத்திலிருந்தே எடுத்துப் புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள்.