லத்தீன் ஒன்றுதான், மரத்துக்கு ஏன் இத்தனை சொற்கள்?

கேள்வி: ஸ்பானியத்தில் மதேரா, இத்தாலியத்தில் லெஞ்ஞோ, பிரெஞ்சில் புவா. மூன்றும் லத்தீனிலிருந்து வந்த மொழிகள் என்றால் மரத்துக்கு ஏன் மூன்று வேறு சொற்கள்? மதேரா தமிழ் ‘மரம்’ என்பதிலிருந்து போனது என்கிறார்களே, உண்மையா?

நீங்கள் கைபேசிச் செயலியில் ஸ்பானியமும் இத்தாலியமும் சேர்த்துப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்றைப் படித்தால் மற்றது பாதி தானாக வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இந்தச் சொல்லில் அது உதவாது. ஏனென்றால் லத்தீனிலேயே இதற்கு இரண்டு சொற்கள் இருந்தன.

லிக்னும், மாதேரியா. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியான், உயில் வழக்குகளுக்காக இவற்றைப் பிரித்து எழுதி வைத்தார். லிக்னும் பொதுச்சொல்தான், ஆனால் கட்டுவதற்கும் முட்டுக்கொடுப்பதற்கும் வேண்டியது மாதேரியா, எரிப்பதற்கென்று வைத்திருப்பது லிக்னும் என்கிறார். எகிப்து போன்ற இடங்களில் நாணலை எரிப்பார்கள், அங்கே அதுவும் லிக்னும் கணக்கில் சேரும் என்றும் சொல்கிறார். 533இல் ரோமப் பேரரசர் யுஸ்தினியான் தொகுப்பித்த சட்டத் திரட்டில் இது இருக்கிறது. எங்கள் மொழியில் சொன்னால் ஒன்று விறகு, மற்றது வீடு கட்டும் மரம்.

இந்த இரண்டையும் பிள்ளை மொழிகள் வேறு வேறு விதமாகப் பங்கு போட்டுக்கொண்டன. ஸ்பானியமும் போர்த்துக்கேயமும் உல்பியானின் பிரிப்பை அப்படியே வைத்திருக்கின்றன. விறகு இரண்டிலும் லேஞா. மரப்பொருள் ஸ்பானியத்தில் மதேரா, போர்த்துக்கேயத்தில் மதெய்ரா. 1420 வாக்கில் போர்த்துக்கேயர் குடியேறிய தீவு முழுக்கக் காடாக இருந்ததால் அதற்கும் மதெய்ரா என்றே பெயர். இத்தாலியமும் ருமேனியமும் விறகுச் சொல்லையே இழுத்து எல்லா மரத்துக்கும் போட்டுக்கொண்டன.

இது எனக்குப் புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. நான் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கிறேன். இங்கே எங்கள் ஈழத்து ஆட்கள் நிறையப் பேர் உண்டு. வந்த காலத்தில் விறகு அடுப்பு வைத்த ஒரு பீட்சாக் கடையில் வேலை செய்தேன். அடுப்பைப் பார்த்தவர் வயதான சிசிலிக்காரர், நாங்கள் எல்லோரும் மாஸ்த்ரு, அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவோம். அவர் விறகு கேட்டால் ‘லிஞ்ஞா’ என்பார். கடைப் பலகையில் இத்தாலியத்தில் ‘லெஞ்ஞா’ என்று இருக்கும். பாத்திரம் கழுவ வந்த ருமேனியப் பெண் அதே கட்டைகளை ‘லெம்னே’ என்பார். ஸ்பெயினிலிருந்து வரும் பயணிகள் அடுப்பைப் பார்த்து ‘லேஞா’ என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஒரே ஒலிவக் கட்டைக்கு நான்கு மொழிகள், வேர் ஒன்று. அது எனக்குப் பிடிபட்ட அன்று வேலைக் களைப்பே தெரியவில்லை.

வதிவிட அனுமதிக்கு மொழித் தேர்வு உண்டு என்பதால் மாலை வகுப்புக்கும் போனேன். அங்கே ஒருநாள் வாய்தவறி லிஞ்ஞா என்றேன். ஆசிரியர் எல்லோர் முன்னாலும், “அது கெட்டுப்போன இத்தாலியம், சமையலறையிலேயே விட்டுவிட்டு வா” என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. சிசிலியம் இத்தாலியத்தின் கெட்டுப்போன வடிவம் இல்லை. இரண்டும் லத்தீனிலிருந்து தனித்தனியாக வந்தவை. சானெட் என்ற கவிதை வடிவமே 13ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில், இரண்டாம் பிரெடெரிக் மன்னரின் அவையில் பிறந்தது. மாஸ்த்ருவின் பேச்சைக் கேலி செய்யும் உரிமை யாருக்கும் இல்லை.

(அந்தத் தேர்வில் நான் தேறிவிட்டேன், அது வேறு. ஆனால் இங்கே வதிவிட அட்டை அச்சாகிக் கைக்கு வருவதற்குள் அதன் காலம் பாதி ஓடிவிடுகிறது. அது இல்லாமல் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய்வரவும் பயம். மொழி படி, மொழி படி என்பவர்கள் இதையும் ஒருமுறை பேசலாம்.)

சரி, ஒலிக்கு வருவோம். லிக்னும் என்பதன் குறில் இகரம் இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் ருமேனியத்திலும் எகரமானது. நடுவில் உள்ள க்ன் மேற்கே ‘ஞ’ ஆனது, ருமேனியத்தில் ‘ம்ன்’ ஆனது. இது தற்செயல் இல்லை. அடையாளத்துக்கான லத்தீன் சொல் சிக்னும். அது இத்தாலியத்தில் செஞ்ஞோ, ருமேனியத்தில் செம்ன். கைமுட்டிக்கு புக்னுஸ்; அது புஞ்ஞோ, பும்ன். சிசிலியத்தில் இகரம் இருப்பதால் அது லத்தீனை அப்படியே காத்தது என்று சிலர் எழுதுகிறார்கள், அதை நான் ஏற்கமாட்டேன். அங்கே நெடில் ஏகாரமும் இகரமாகிறது. துணிக்கான தேலா சிசிலியத்தில் தீலா. பழைய இகரத்தை உண்மையாகக் காத்தது சார்தீனியாத் தீவின் மொழிதான். அங்கே விறகு ‘லின்னா’.

லெஞ்ஞோ மரப்பொருள், லெஞ்ஞா விறகு என்று இத்தாலியத்தில் இரண்டு இருப்பதற்கும் காரணம் உண்டு. லிக்னும் என்பதன் பன்மை லிக்னா. ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாவது பாலான லத்தீனின் அலிப்பால் அழிந்தபோது அந்த ஆ-ஈற்றுப் பன்மையைப் பெண்பால் ஒருமை என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். விறகு எப்போதும் குவியலாகத்தானே கிடக்கும், அதனால் பொருளும் பொருந்திவிட்டது. இலைக்கான ஃபோல்யாவும் இப்படித்தான் ஒருமையாகி இத்தாலியத்தில் ஃபோல்யா, ஸ்பானியத்தில் ஓஹா என்று நிற்கிறது.

பிரெஞ்சு புவா ஜெர்மானிய வழியில் வந்த சொல். காடு, மரப்பொருள் இரண்டுக்கும் அதுவே. மாதேரியா அங்கே மெரேன் என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது, மதுப் பீப்பாய்க்குப் பிளக்கும் ஓக் பலகை அது.

கடைசியாக உங்கள் இரண்டாவது கேள்வி. இல்லை. இப்படிச் சொன்னால் தமிழ்ப்பற்று இல்லாதவன் என்று கீழே எழுத வருவார்கள் என்று தெரியும். எழுதட்டும், என் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். மதேராவில் இருக்கும் ‘த’ லத்தீனின் மாதேரியாவிலேயே இருக்கிறது. அதைத் தாய் என்று பொருள்படும் மாதேர் என்ற சொல்லோடு சேர்த்துத்தான் விளக்குகிறார்கள், கிளைகளை ஈனும் அடிமரம் என்ற பொருளில். நம்முடையது மலையாளத்தில் மரம், கன்னடத்தில் மர, தெலுங்கில் ம்ரானு. எதிலும் அந்த ‘த’ இல்லை. மெய்யான உறவு வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்து வீடுகளில் இருக்கும் கதிரையை, அதாவது நாற்காலியை, பாருங்கள். லத்தீனில் கதேத்ரா, போர்த்துக்கேயத்தில் கதெய்ரா, அவர்களோடு கப்பலில் வந்து எங்களிடம் கதிரை.