வைட்டமின் டி கொடுத்தும் 2 வயதுக் குழந்தையின் கால் வளைவு சரியாகவில்லை. சிறுநீரகப் பரம்பரை நோய் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது, சிகிச்சை என்ன?

கேள்வியில் இருக்கும் விவரம் இவ்வளவு: பெண் குழந்தை, 2 வயது, 8 கிலோ. அம்மா தன் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறார். ரிக்கெட்ஸ் (எலும்பு மென்மையாகி வளையும் நோய்) என்று 2 முறை வைட்டமின் டி ஊசி போட்டாகிவிட்டது. இப்போது ரத்தத்தில் பொட்டாசியம் 2.4, மிகவும் குறைவு. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் சுண்ணாம்புப் படிவு. டாக்டர் 'டிஸ்டல் ஆர்டிஏ'வாக இருக்கலாம் என்கிறார்.

சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. மூன்றாவது ஊசி மட்டும் போட வேண்டாம்.

சாப்பாட்டிலிருந்தும் உடலின் வேலைகளிலிருந்தும் தினமும் சேரும் அமிலத்தைச் சிறுநீரில் தள்ளிவிடுவது சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதி. அங்கே இருக்கும் பம்ப் பிறவியிலேயே வேலை செய்யாததுதான் டிஸ்டல் ரீனல் டியூபுலர் அசிடோசிஸ். வெளியே போக முடியாத அமிலத்தைச் சமாளிக்க உடம்பு எலும்பைக் கரைக்கிறது. கரைந்த கால்சியம் சிறுநீரில் போகிறது. அதைக் கரைத்து வைத்திருக்க வேண்டிய சிட்ரேட்டும் சிறுநீரில் குறைந்துவிடுவதால் கால்சியம் சிறுநீரகத்திலேயே படிகிறது. கூடவே பொட்டாசியமும் ஒழுகுகிறது. கால் வளைவு, ஸ்கேன் படிவு, வாந்தி, எடை கூடாதது, ஓயாத தாகம் எல்லாம் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. வைட்டமின் டி குறைவால் வந்த ரிக்கெட்ஸ் இல்லை என்பதால்தான் ஊசி பலிக்கவில்லை. பலிக்காதது மட்டுமல்ல, 6 லட்சம் யூனிட் ஊசி குடலிலிருந்து கால்சியத்தை இன்னும் உள்ளே இழுத்து, படிவைக் கூட்டும். ரத்தத்தில் வைட்டமின் டி அளவு உண்மையிலேயே குறைவாக இருந்தால் சாதாரண தினசரி அளவு போதும்.

உறுதி செய்வதற்கு விலை கூடிய டெஸ்ட் எதுவும் முதலில் தேவையில்லை. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் (அமிலத்தை முறிக்கும் காரம்), கூடவே ரத்தம் எவ்வளவு அமிலமாகியிருக்கிறது என்று காட்டும் பிளட் கேஸ் ஒன்று, சிரை ரத்தத்தில். உதாரணத்துக்கு சோடியம் 138, குளோரைடு 116, பைகார்பனேட் 12 என்று வந்தால், 138-லிருந்து மற்ற இரண்டையும் கழித்துப் பாருங்கள்: 10. இது 'ஆனயன் கேப்'. 12-க்குள் இருந்தால் இயல்பு. ரத்தம் அமிலமாகி, கேப் இயல்பாக இருந்தால், பைகார்பனேட் குடல் வழியாகப் போகிறது, இல்லையென்றால் கோளாறு சிறுநீரகத்தில் என்று அர்த்தம். பேதியா சிறுநீரகமா என்று பிரிக்க சிறுநீரில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி குளோரைடைக் கழிப்பார்கள். 40 + 30 − 45 = +25 என்பதுபோல் கூட்டல் குறியில் வந்தால் சிறுநீரகம். பேதியால் என்றால் கழித்தல் குறியில் வரும். ரத்தம் இவ்வளவு அமிலமாக இருந்தும் சிறுநீரின் பி.எச். (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்காவிட்டால் டிஸ்டல் வகை.

இந்த எண்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் லேபில் இல்லை, ரத்தம் எடுக்கும் இடத்தில்தான். குழந்தை அழுதுகொண்டிருக்க, கையை இறுகக் கட்டி, பிழிந்து எடுத்தால் ரத்த அணு உடைந்து பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும், 2.4 இருப்பது 3.6 என்று வந்து எல்லோரும் நிம்மதியாகி விடுவார்கள். குழாய் திறந்தபடியோ மணிக்கணக்கிலோ காத்திருந்தால் பைகார்பனேட் குறைந்து காட்டும். பி.எச். பார்க்க சிறுநீர் அப்போதே எடுத்ததாக இருக்க வேண்டும். வண்ணப்பட்டையை நம்பாமல் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று இருந்தால் சில கிருமிகளே பி.எச்.சை ஏற்றிவிடும், அதனால் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, சிறுநீரில் சர்க்கரை. ரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போது சிறுநீரில் சர்க்கரையும் பாஸ்பேட்டும் போனால் அது டிஸ்டல் வகை அல்ல, ஃபான்கோனி, அதாவது சிறுநீரகக் குழாயின் முதல் பகுதியில் வரும் கோளாறு. இந்த வயதில் அப்படி வந்தால் சிஸ்டினோசிஸ் என்ற வேறொரு பரம்பரை நோயைத் தேட வேண்டும். கண் டாக்டர் ஸ்லிட் லேம்பில் கருவிழியில் படிகம் தெரிகிறதா என்று பார்ப்பார். அதற்கு மருந்தே வேறு, சிஸ்டியமின்.

சிகிச்சை, காரம், அதாவது அமிலத்தை முறிக்கும் மருந்து. மலிவான மருந்து, ஆனால் ஆயுள் முழுக்க. தொடங்கும்போது ஒரு ஒழுங்கு முக்கியம்: பொட்டாசியம் 2.4 இருக்கும்போது அவசரப்பட்டு சோடா பைகார்பை நரம்பில் ஏற்றினால், இருக்கிற பொட்டாசியமும் செல்லுக்குள் போய்விடும். கை கால் துவண்டு, இதயத் துடிப்பு தடுமாறும். முதலில் பொட்டாசியம், ஓரளவு ஏறிய பிறகு பைகார்பனேட். இந்தக் குழந்தையை முதல் சில நாள் வார்டில் வைத்து, இசிஜி பார்த்துக்கொண்டே தொடங்குவதுதான் பாதுகாப்பு.

கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 5 முதல் 8 மில்லிஈக்விவலன்ட் (காரத்தை அளக்கும் அலகு) வரைகூடத் தேவைப்படும். வளர்ந்த பிள்ளைக்கு 3, 4 போதும். கணக்கு எப்படி என்று காட்டுகிறேன், மருந்துச்சீட்டைச் சரிபார்க்கத்தான், நீங்களாகத் தொடங்க அல்ல. 8 கிலோ, கிலோவுக்கு 4 என்றால் 32. பொட்டாசியம் சிட்ரேட் சிரப் 5 மி.லி.யில் 1,100 மி.கி. உள்ளதாக இருந்தால் 1 மி.லி.க்கு 2 மில்லிஈக்விவலன்ட். வேளைக்கு 2.5 மி.லி. வீதம் 4 வேளை: 20. சோடியம் பைகார்பனேட் 500 மி.கி. மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 6. வேளைக்கு அரை மாத்திரை, 4 வேளை: 12. மொத்தம் 32. எல்லாவற்றையும் சோடியத்தில் கொடுத்தால் அமிலம் சரியாகும், ஆனால் சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். அதனால் பொட்டாசியம் சிட்ரேட்டின் பங்கு பெரிதாக இருப்பது நல்லது.

மெடிக்கல் ஷாப்பில் "இதேதான், வேற கம்பெனி" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் பாட்டிலும் சிட்ரேட் சிரப் என்றுதான் அலமாரியில் நிற்கும், அதில் பொட்டாசியம் கிடையாது. மெக்னீசியம் சேர்ந்த சிரப்புகளில் அளவு வேறு. லேபிளில் '5 மி.லி.யில் எவ்வளவு' என்ற வரியைப் படியுங்கள். ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லா சிரிஞ்சில் அளந்து, தண்ணீரிலோ ஜூஸிலோ கலந்து, சாப்பிட்டபின் கொடுங்கள். சிட்ரிக் அமிலம் கலந்த சிரப்பைப் பாலில் விட்டால் திரிந்துவிடும். அப்புறம் குழந்தை பாலையும் வெறுக்கும்.

பலரும் கோட்டை விடுவது ராத்திரி டோஸ். சாயங்காலம் 6 மணிக்குக் கொடுத்து மறுநாள் காலை 8 மணிக்குக் கொடுத்தால், நடுவில் 14 மணி நேரம் எலும்புதான் காரம் கொடுக்கிறது. கடைசி வேளையைத் தூங்குவதற்கு முன் தள்ளி, அளவையும் கொஞ்சம் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். பைகார்பனேட்டை மருந்து கொடுப்பதற்கு முன், காலையில் எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அது 22-க்கு மேல் இருக்க வேண்டும். சிறுநீரில் கால்சியம் - கிரியாட்டினின் விகிதமும் பாருங்கள். 2 வயதுக்கு மேல் 0.2-க்குள் வந்தால் காரம் போதுகிறது. பைகார்பனேட் நன்றாக இருந்தும் இந்த விகிதம் இறங்காவிட்டால் வேளை தவறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மருந்து பிடித்ததும் குழந்தை மளமளவென்று எடை போடும். அங்கேதான் அடுத்த சறுக்கல்: 8 கிலோவுக்கு எழுதிய டோஸ் 11 கிலோவிலும் ஓடிக்கொண்டிருக்கும். வாந்தி பேதி வந்தால் இந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட வேகமாக வறண்டுபோவார்கள். 2 வேளை மருந்து வயிற்றில் தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. கால் வளைவுக்கு ஆபரேஷன் பேச்சு எழுந்தால் தள்ளிப்போடுங்கள். அமிலம் சரியானால் நிறைய நிமிர்ந்துவிடும். சிறுநீரகப் படிவு கரையாது, மேலும் கூடாமல் நிற்கும்.

காது கேட்கிறதா என்று இப்போதே பெரா டெஸ்ட் எடுங்கள். இந்த பம்ப் உள்காதிலும் இருக்கிறது. ஏ.டி.பி.6.வி.1.பி.1 மரபணுவில் பழுது என்றால் காது சின்ன வயதிலேயே போகும், ஏ.டி.பி.6.வி.0.ஏ.4 என்றால் பெரும்பாலும் தாமதமாக. காரம் கொடுப்பதால் காது தப்பாது என்பது கசப்பான உண்மை. ஆண்டுக்கொருமுறை பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) 6 வயதுக்குள் என்பதால் தாமதம் கூடாது. ரத்தசோகையும் சேர்ந்திருந்தால் எஸ்.எல்.சி.4.ஏ.1 மரபணுவைச் சந்தேகிப்பார்கள். தாய்லாந்து, மலேசியா பக்கம் அதிகம் தெரியவந்த வகை.

மரபணு டெஸ்டுக்கு ஊதா மூடிக் குழாயில் 2, 3 மி.லி. ரத்தம் போதும். ரிசல்ட் வரச் சில வாரம் ஆகும், அதுவரை சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. பழுது கிடைத்தால் அப்பா அம்மா இருவரிடமும் அதே பழுதைத் தேட வேண்டும். இது ரிசெசிவ் வகை: இருவரிடமும் ஒரு பிரதி பழுது, இருவருமே நலம், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. தாய்மாமன் கல்யாணத்தில் பிள்ளையின் மரபணு இடங்களில் சராசரியாக 8-ல் 1, ஒரே மூதாதையிடமிருந்து இரண்டு பக்கமாகவும் வந்து சேர்ந்த ஒரே பிரதிகள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் 16-ல் 1. யார் பக்கத்துக் குறை என்று வீட்டில் சண்டை வந்தால், இரண்டு பக்கமும் ஒரே பக்கம்தான் என்று சொல்லுங்கள்.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிருந்தால் பழுது எதுவென்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்க முடியும். அது வேண்டாம் என்றால், பிறந்த முதல் சில வாரத்திலேயே பைகார்பனேட், பொட்டாசியம், சிறுநீர் பி.எச். மூன்றையும் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கால் வளைவதற்கு முன்பே சிரப்பைத் தொடங்கிவிடலாம்.