நெருக்கடிக் காலத்தில் கைக்குழந்தைகளின் உணவு: கேள்வி பதில்

இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாகியது. 2021 செப்டெம்பரில் 380 ரூபாவுக்கு விற்ற 400 கிராம் பால்மாப் பொதி, 2022 மார்ச்சிலேயே 790 ரூபாவாகிவிட்டது. அந்த நாட்களில் சிறு பிள்ளைகளின் உணவு பற்றி வந்த கேள்விகளுக்கு, தாய் சேய் நலப் பணியில் நீண்டகாலம் இருந்து ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

வவுனியாவிலிருந்து ஒரு தாய்: வணக்கம் டொக்டர். எனக்கு மூன்று மாதக் குழந்தை இருக்கிறது. செலவைக் குறைப்பதற்காக நான் இரண்டு வேளை மட்டுமே சாப்பிடுகிறேன். என் பால் தண்ணீராகிவிட்டது, அதனால்தான் பிள்ளை அழுகிறது, பால்மா தொடங்கு என்று மாமி சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: பால்மா தொடங்க வேண்டாம். தாய்ப்பால் பார்வைக்கு நீர்த்திருப்பது இயல்பானது. ஒவ்வொரு முறையும் முதலில் வருவது அப்படித்தான் இருக்கும், கொழுப்பு மிகுந்த பால் பிறகு வரும். தாய் சில வாரங்கள் அரைவயிறு சாப்பிட்டாலும் பாலின் அளவும் அதிலுள்ள புரதமும் கொழுப்பும் பெரிதாகக் குறைவதில்லை, ஏனெனில் உடல் தன் சேமிப்பை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது. நீண்டகாலக் கடும் பட்டினியில்தான் பால் குறையும். ஆனால் விற்றமின் ஏ, பி1, பி12, அயடின் போன்றவை தாயின் உணவைப் பொறுத்தே பாலில் சேர்கின்றன. ஆகவே நீங்கள் இரண்டு வேளை சாப்பிடுவதால் முதலில் நலிவது நீங்கள். அதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். பருப்பும் கீரையும் முட்டையும் சேர்த்த ஒரு வேளைச் சோறு அதைப் பெருமளவு ஈடுசெய்யும். வீட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தால் அது உங்கள் தட்டுக்கு வர வேண்டும். பால்மா ஒரு பொதியின் விலைக்கு அந்த முட்டையைப் பல நாட்களுக்கு வாங்கலாம் என்பதையும் வீட்டில் கணக்குப் பாருங்கள். மாமி பேரப்பிள்ளை மீதுள்ள அக்கறையில்தான் சொல்கிறார். அந்த அக்கறையோடு உங்களை மூன்றாவது வேளையும் சாப்பிட வைக்குமாறு நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்.

மனக்கவலையும் பாலை வற்றச் செய்வதில்லை. கவலையும் அச்சமும் பால் இறங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். அமைதியாக உட்கார்ந்து பிள்ளையை மார்போடு அணைத்துத் தொடர்ந்து சூப்ப விட்டால் பால் இறங்கிவிடும். பிள்ளை எவ்வளவு சூப்புகிறதோ அவ்வளவுதான் சுரப்பும். ஒரு வேளைக்குப் போத்தல் கொடுத்தால், அந்த வேளைக்குரிய சுரப்பு குறையத் தொடங்கும். நாளொன்றுக்கு ஆறு தடவையாவது வெளிர்நிறச் சிறுநீர் போய், நிறையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுமானதாக இருக்கிறது. 2016 இல் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். டொலர் இல்லாத நாட்டில் இறக்குமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லாத உணவு அது ஒன்றுதான். அதை நாம் இப்போது இழக்கக் கூடாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தந்தை: பிரசவத்துக்குப் பின் மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்ததால் தாய்ப்பால் தொடரவில்லை. இப்போது நான்கு மாதமான மகனுக்குக் குழந்தைப் பால்மா கொடுக்கிறோம். விலை கட்டுப்படியாகவில்லை. ஒரு கரண்டியைக் குறைத்துக் கரைக்கலாமா? அல்லது பெரியவர்கள் குடிக்கும் பால்மாவைக் கொடுக்கலாமா?

பதில்: ஐயா, இரண்டையும் செய்ய வேண்டாம். தண்ணீரைக் கூட்டினால் பிள்ளையின் வயிறு நிரம்புமே தவிர உடல் வளராது. சில வாரங்களிலேயே நிறை இறங்கிவிடும். பெரியவர்களுக்கான பால்மாவில் உள்ள புரதமும் உப்புகளும் நான்கு மாதக் குழந்தையின் சிறுநீரகத்துக்குத் தாங்க முடியாதவை. இரும்புச்சத்தும் அதில் மிகக் குறைவு. டின்பால், சோற்றுக்கஞ்சி, சாயத் தேநீர் ஆகியவற்றையும் இந்த வயதில் கொடுக்க வேண்டாம். தாய்ப்பால் கொடுக்க முடியாமற்போனதற்காக உங்கள் மனைவி குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு உரிய பால்மா கிடைத்தே ஆக வேண்டும். வாங்க வழியில்லாவிட்டால் பொதியை நீட்டிக்க முயலாமல், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உடனே தெரிவியுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நின்றுபோன தாய்ப்பாலை மீண்டும் வரவழைக்கலாம். மனைவி உடல் தேறியிருந்து, மருந்துகள் எதுவும் தடையில்லை என்று வைத்தியர் உறுதிசெய்தால், நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பிள்ளையை மார்பில் விடத் தொடங்கலாம். சிலருக்குச் சில நாட்களிலும் சிலருக்குச் சில வாரங்களிலும் சுரப்பு வரும். முழுமையாக வராவிட்டாலும் வருகின்ற அளவுக்குப் பால்மாச் செலவு குறையும். பெரிய வைத்தியசாலைகளில் உள்ள தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையத்தில் இதற்குக் கைகொடுப்பார்கள். சுரப்பு உறுதியாகும் வரை பால்மாவின் அளவை நீங்களாகக் குறைக்காமல், அவர்களின் கண்காணிப்பில் படிப்படியாகக் குறையுங்கள்.

எரிவாயு கிடைக்காத நாட்களிலும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதைத் தவிர்க்க முடியாது. பால்மா கிருமி நீக்கப்பட்ட பொருளன்று. 70 பாகைக்குக் குறையாத சூட்டில் கரைத்தால்தான் அதிலுள்ள கிருமிகள் அழியும். பிறகு வெதுவெதுப்பாக ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். சூப்பிப் போத்தலின் மூலைமுடுக்குகளைக் கழுவ நிறையத் தண்ணீரும் எரிபொருளும் செலவாகும். சிறு கிண்ணத்தில் கொடுக்கப் பழக்குங்கள். பிறந்த குழந்தைகூடக் கிண்ணத்தில் குடிக்கும், அதைக் கழுவுவதும் எளிது.

டொரொண்டோவிலிருந்து ஓர் ஊர்ச்சங்க உறுப்பினர்: ஊரிலுள்ள தாய்மாருக்கு நூறு டின் குழந்தைப் பால்மாவும் போத்தல்களும் அனுப்ப எங்கள் சங்கம் தீர்மானித்திருக்கிறது. எப்படிப் பகிர்ந்தளிப்பது நல்லது?

பதில்: உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அவற்றை அனுப்ப வேண்டாம் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது குழந்தைப் பால்மா நன்கொடையாக வந்து குவிந்தது. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைகளின் வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. பின்னர் ஆராய்ந்தபோது, நன்கொடைப் பால்மா கிடைத்த சிறு பிள்ளைகளிடையே வயிற்றோட்டம் மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேலாக இருந்தது. ஒரு டின் தீர்வதற்குள் தாயின் சுரப்பு குறைந்துவிடும். அடுத்த டின்னை யார் கொடுப்பார்கள்? நூறு வீடுகளுக்கு ஒவ்வொரு டின் கொடுத்தால், அந்த வீடுகள் அனைத்தும் இரண்டு வாரம் கழித்துக் கடையில் அதை வாங்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படலாம். இதனால்தான் 1994 இல் உலக சுகாதாரப் பேரவை, நெருக்கடிகளில் இத்தகைய நன்கொடை மாற்றுப்பால் தேவைப்படும் குழந்தைகளுக்கு மட்டுமே, அதுவும் அவர்களுக்குத் தேவையான காலம் முழுவதும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று தீர்மானித்தது.

முந்தைய கேள்வியிலுள்ள மகனைப் போன்ற குழந்தைகளின் தேவையைச் சுகாதாரப் பணிமனையே கண்டறிந்து வழங்க வேண்டும். அவர்கள் கேட்டால், கேட்ட அளவுக்குப் பணம் கொடுங்கள். மற்றபடி உங்கள் பணத்தைக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் முட்டை, பருப்பு, பயறு, நெத்தலிக் கருவாடு, விறகு ஆகியவற்றுக்காகச் செலவிடுங்கள். தாய்க்குக் கொடுக்கும் சோறு பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

ஹற்றன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய்: எட்டு மாத மகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறேன். கிளினிக்கில் இலவசமாகத் தரும் சோளம் கலந்த சத்துமாவான திரிபோஷ மாதக்கணக்காக வரவில்லை. ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத்தான் கொடுக்கிறார்கள். என்ன கொடுக்கலாம்?

பதில்: சகோதரி, தேநீரை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள அது தடையாகிறது. இரத்தச்சோகைக்கு எளிதில் ஆளாகும் வயது இது. 2016 ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். தோட்டப் பகுதிகளில் அது ஏறத்தாழ 32 வீதம். விலைவாசி ஏறுவதற்கு முன்பே நிலைமை அப்படி இருந்தது. நீங்கள் பறிக்கும் கொழுந்து நாட்டுக்கு டொலர் கொண்டுவருகிறது. உங்கள் பிள்ளைக்குத் திரிபோஷ வராததற்குச் சோளத் தட்டுப்பாடு காரணமென்று சொல்லிவிட்டு அதிகாரிகள் ஒதுங்கிவிட முடியாது. பிள்ளைகளின் பட்டியலோடு சுகாதாரப் பணிமனையில் எழுத்தில் கேளுங்கள், தோட்டச் சேமநல உத்தியோகத்தரையும் உடன் வரச் சொல்லுங்கள்.

அதுவரை வீட்டுச் சோற்றிலேயே வழி இருக்கிறது. சோற்றையும் பருப்பையும் குழைய வேகவைத்து, ஒரு பிடி கீரையைப் பொடியாக அரிந்து சேர்த்து மசியுங்கள்; கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத தடிப்பு வேண்டும். நீர்த்த கஞ்சியில் வயிறு நிரம்பும், சக்தி கிடைக்காது. ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது சிறிது கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்தால் அதே கிண்ணத்தில் சக்தி கணிசமாகக் கூடும். நெத்தலியைத் தலை நீக்கி, கழுவி உப்பைப் போக்கி, வறுத்து இடித்துத் தூளாக வைத்துக்கொண்டு தினமும் ஒரு தேக்கரண்டி கலக்கலாம். முட்டை கிடைக்கும் நாளில் நன்றாக அவித்து முழுவதையும் மசித்துக் கொடுங்கள். எட்டு மாதத்தில் மஞ்சட்கரு மட்டும்தான் என்று ஒதுக்கத் தேவையில்லை. பூசணி, பப்பாசி, வாழைப்பழம் எல்லாம் ஏற்றவை. நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதும். ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளையாக்குங்கள்.

வேலைக்குப் போகும் முன்னும் வந்தவுடனும் இரவிலும் பாலூட்டுங்கள். மகளுக்கு இப்போதும் வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் உங்கள் பாலிலிருந்தே கிடைக்கிறது. காலையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் அலசிய மூடியுள்ள பாத்திரத்தில் கொடுத்தனுப்பினால், உங்கள் குளிர்ப் பகுதியில் நான்கு மணித்தியாலம் கெடாமல் இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய்: இரண்டு வயது மகன் பால்மாத் தேநீர் கேட்டு அழுகிறான். வரிசையில் நின்றும் பால்மா கிடைக்கவில்லை. பாலில்லாமல் வளர்ச்சி குன்றிவிடுமா?

பதில்: குன்றாது. இந்த வயதில் பால்மா கட்டாயமான உணவன்று. இன்னமும் தாய்ப்பால் குடித்தால் தொடருங்கள். முட்டை, சூடை மீன், பயறு, கௌபி, முருங்கையிலை சேர்த்த இலைக்கஞ்சி ஆகியவற்றைச் சாப்பிட்டாலே போதும். பக்கத்தில் பசும்பால் கிடைத்தால் காய்ச்சி ஒரு கோப்பை கொடுக்கலாம். தேயிலை மட்டும் வேண்டாம்.

மன்னாரிலிருந்து ஒரு தந்தை: எரிபொருள் இல்லாத ஜூன், ஜூலை மாதங்களில் கிளினிக் போகவில்லை, மருத்துவமாதுவாலும் வர முடியவில்லை. மகளுக்கு ஒரு வயது. மெலிந்துவிட்டாளோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அடுத்த கிளினிக் நாளுக்குப் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டோடு கட்டாயம் போங்கள். தடுப்பூசி ஏதேனும் தவறியிருந்தால் அதையும் அன்றே போடலாம். நிறைக்கோடு மேலே ஏறாமல் கிடையாக ஓடினாலே அது எச்சரிக்கை. கீழே இறங்கும் வரை காத்திருக்க வேண்டாம். அங்கே இடது மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை அது 12.5 சென்றிமீற்றருக்குக் குறைந்தால் மந்தபோசணை, 11.5 க்குக் குறைந்தால் கடுமையான மந்தபோசணை, வீட்டுச் சாப்பாட்டால் மட்டும் ஈடுசெய்ய முடியாது, சிகிச்சை உணவு தேவை.

கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. இரண்டு பாதங்களிலும் வீக்கம் தெரிந்து, விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலும், பிள்ளை சாப்பிடவோ குடிக்கவோ மறுத்துச் சோர்ந்து கிடந்தாலும், வயிற்றோட்டத்துடன் கண்கள் குழிவிழுந்தாலும், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாகனத்துக்கு எரிபொருள் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.