உங்கட பேர் ரெண்டு இடத்தில கிடக்கு, தங்கச்சி

கேள்வி: அக்கா, நான் திருகோணமலை உப்புவெளி. டெங்கு பற்றி ஆராய்ச்சி செய்யிறன், 11 கட்டுரை வந்திருக்கு. ஆராய்ச்சிக் கட்டுரை தேடுற கூகுள் ஸ்கொலரில எச் இன்டெக்ஸ் 3 எண்டுதான் காட்டுது, என்னோட படிச்சவருக்கு 17. வாற மாசம் பதவி உயர்வுக்குப் போடோணும், வெட்கமா இருக்கு. 400 டொலர் கட்டினா 7 நாளில கட்டுரை போடுறம் எண்டு ஒரு ஜேர்னல் மெயில் அனுப்பியிருக்கு, நகையை அடகு வைச்சுக் கட்டட்டா? கல்யாணத்துக்கு முந்தி வந்த 5இல அப்பாட பேர், பிறகு வந்த 6இல இவற்ற பேர். லிஸ்ட் இதோட இருக்கு.

பதில்: நகையைத் திருப்பி அலுமாரிக்குள்ள வையுங்கோ தங்கச்சி, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

உங்கட லிஸ்டை ஒரு கொப்பித்தாளில எழுதிப் பார்த்தன். எச் இன்டெக்ஸ் 3 எண்டா, உங்கட மூண்டு கட்டுரையை மற்றவை தங்கட கட்டுரையில குறைஞ்சது மூண்டு மூண்டு தரம் எடுத்துக் காட்டியிருக்கினம் எண்டு அர்த்தம், 4 வேணுமெண்டா நாலு கட்டுரைக்கு நாலு நாலு தரம் வேணும். உங்கட மனுசன்ர பேரோட வந்த ஆறையும் மற்றவை எடுத்துக் காட்டினது 14, 6, 5, 3, 0, 0 தரம். மூண்டு கட்டுரைக்குக் குறைஞ்சது மூண்டு மேற்கோள் இருக்கு, நாலாவதுக்கு நாலு இல்லை, அதாலதான் 3. அப்பாட பேரில உள்ளது 31, 9, 5, 2, 1, அதுவும் தனியப் பார்த்தா 3தான். ஆனா ரெண்டையும் ஒண்டாக்கி வரிசைப்படுத்தினா 31, 14, 9, 6, 5, 5 எண்டு போகுது, ஐஞ்சாவதுக்கு ஐஞ்சு இருக்கு, அப்ப உங்கட எச் இன்டெக்ஸ் 5, ஒரு வரி புதுசா எழுதாமலே! 31 தரம் எடுத்துக் காட்டின உங்கட பெரிய கட்டுரை உங்கட புரொபைலிலயே இல்லாமக் கிடக்கு, அதைப் பார்க்க எனக்கு வயித்தெரிச்சலாப் போச்சு. எங்கட பொம்பிளைப் பிள்ளையளுக்கு இது எத்தினை பேருக்கு நடக்குது, இனிசல் மாறினா வெளிநாட்டுக் கம்பியூட்டருக்கு நீங்க வேற ஆள்தானே.

இண்டைக்கு இரவே இருந்து புரொபைலில பிளஸ் அடையாளத்தை அமத்தி பழைய ஐஞ்சையும் சேருங்கோ. ஓர்கிட் எண்டு ஆராய்ச்சி செய்யிற ஆளை அடையாளம் காட்டுற 16 இலக்க நம்பர் ஒண்டு சும்மா தருவினம், அதை எடுத்து ரெண்டு பேரையும் அதில பதிஞ்சு விடுங்கோ, இனி எந்த ஜேர்னலுக்கு அனுப்பினாலும் அந்த நம்பரைக் குடுங்கோ.

அந்த 17ஐ நினைச்சு நித்திரையைக் கெடுக்காதீங்கோ. இந்த எச் இன்டெக்ஸை 2005இல ஹேர்ஷ் எண்ட பௌதிகவியல்காரர்தான் கொண்டு வந்தவர், துறைக்குத் துறை அது மாறும் எண்டு அவரே சொன்னவர். பெரிய மருந்துப் பரிசோதனையில நாப்பது பேரோட ஒராளாப் பேர் வாறதும் நீங்க கிண்ணியாவில வீடு வீடா ஏறி டெங்கு நுளம்பு இருக்கா எண்டு கிணத்தையும் டாங்கியையும் எட்டிப் பார்க்கிறதும் ஒண்டா? மேற்கோள் கூடினா நல்ல கட்டுரை எண்டும் இல்லை. தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் எண்டு 1998இல லான்செட் எண்ட மருத்துவ ஜேர்னலில வந்த கட்டுரையை எத்தினையோ பேர் எடுத்துக் காட்டினவை, கனபேர் அதைப் பிழை எண்டு சொல்லத்தான், கடைசியில 2010இல லான்செட்டே அதை வாபஸ் வாங்கிச்சு.

7 நாளில போடுறம் எண்டால் அந்தக் கட்டுரையைப் போட முந்தி ஒருத்தரும் வாசிச்சுச் சரிபார்க்கப் போறதில்லை, பிள்ளை. துறை தெரிஞ்ச ரெண்டு பேர் வாசிச்சுக் கேள்வி கேட்டு நீங்க திருத்தி அனுப்ப மாசக்கணக்கா எடுக்கும். இம்பாக்ட் ஃபாக்டர், அதாவது ஒரு ஜேர்னலின்ர கட்டுரையைச் சராசரியா எத்தினை தரம் எடுத்துக் காட்டுகினம் எண்ட கணக்கு, இவ்வளவு எண்டு அவை மெயிலில போட்டிருந்தாலும் நம்பாதீங்கோ, அந்தக் கணக்கைப் போடுற கிளரிவேட் கம்பனி வெளியிடுற பட்டியலில அந்த ஜேர்னல் இருக்கா எண்டு லைப்ரரியில கேளுங்கோ. அந்த மெயில் அனுப்பின மாதிரி ஜேர்னலில ஒருக்கா பேர் வந்தா பிறகு கழட்டி எடுக்கிறது பெரிய கரைச்சல். நல்ல ஜேர்னல்கள் சிலது எங்கட மாதிரி நாடுகளுக்குக் கட்டணத்தைக் குறைக்கும், சிலது முழுசாவே விடும், அனுப்ப முந்தியே எழுதிக் கேளுங்கோ, அதில வெட்கம் ஒண்டும் இல்லை.

இன்னொண்டு, கடிதத்தின்ர கடைசியில ஒரு மூலையில எழுதியிருந்தீங்க, 2017இல கிண்ணியாவில டெங்கு அந்த மாதிரி அடிச்ச பிறகு நீங்க எழுதின கிணத்துக் கட்டுரையை பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ரெண்டு பேர் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனவை எண்டு. அதை ஏனம்மா மூலையில எழுதினீங்க? கூகுள் அதை எண்ணாது, ஆனா நேர்முகத்தில இருக்கிறவை எண்ணலாம். ஜேர்னலின்ர இம்பாக்ட் ஃபாக்டரை வைச்சு ஆளை அளக்கக் கூடாது எண்டு 2012இல சான் பிரான்சிஸ்கோவில கூடிப் பிரகடனமே எழுதினவை. நாளைக்கே எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்குப் போய், அந்தக் கட்டுரையை எந்தக் கிராமத்தில என்னத்துக்குப் பாவிச்சவை எண்டு ஒரு கடிதம் கேளுங்கோ, எழுதித் தந்தா அதை விண்ணப்பத்தில முதல் பக்கத்திலயே இணையுங்கோ.