மிதவைகள் நீரோடு போய்விடாதது எப்படி?

அன்புள்ள ஐயா,

கடல்நீர் மேலெழுதல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். காற்று கரையோர நீரை வெளியே தள்ள, அடியிலிருந்து சத்துமிக்க குளிர்ந்த நீர் மேலே வருகிறது, அதனால் மிதவைகள் (நீரோட்டத்தோடு அலையும் சிற்றுயிர்களான பிளாங்க்டன்) பெருகுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நீர் மிகக் குளிர்ந்திருக்கும் இடத்தில்தானே விலங்கு மிதவைகள் மிகுதியாக இருக்கவேண்டும்? மேல்நீர் ஓயாமல் ஆழ்கடலுக்குப் போகிறது என்றால், நீந்தத் தெரியாத இவை கரையோரத்தில் எப்படி மிஞ்சுகின்றன? செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தே இவை இருக்குமிடத்தைச் சொல்லிவிட முடியாதா?

ரா., தூத்துக்குடி

அன்புள்ள ரா.,

மிகக் குளிர்ந்த நீர் என்பது அப்போதுதான் மேலே வந்து சேர்ந்த நீர். அதில் நைட்ரேட் என்ற சத்து நிறைய இருக்கும், உயிர்கள் குறைவாகவே இருக்கும். வெளிச்சம் பட்டு டயட்டம்கள் என்ற நுண்பாசிகள் பெருகச் சில நாட்கள் ஆகும். அவற்றைத் தின்று கோபிபாடுகள் என்ற, இறால் வகையைச் சேர்ந்த மிகச்சிறு விலங்கு மிதவைகள் முட்டையிட்டு, குஞ்சுகள் வளர்ந்து ஆளாவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதற்குள் அந்த நீர் எங்கோ போயிருக்கும். ஆகவே குளிரின் உச்சமும் மிதவைகளின் உச்சமும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஆனால் ‘நீந்தத் தெரியாத’ என்பதை ஏற்கமாட்டேன். கோபிபாடு நொடிக்குச் சில மில்லிமீட்டர் நீந்தும். பக்கவாட்டில் இழுக்கும் நீரோட்டத்தின் முன் அது ஒன்றுமில்லை. மேலும் கீழும் போவதற்கோ அதுவே தாராளம்.

அமெரிக்காவின் ஓரிகன் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கோடையில் வடக்கிலிருந்து காற்று வீசுகிறது. புவியின் சுழற்சியால் மேல்நீர் காற்றுக்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டு மேற்கே விலகுகிறது. நகர்வது மேலடுக்கு மட்டும்தான். அதன் இடத்தை நிரப்ப அடியில் உள்ள நீர் கரையை நோக்கி வருகிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பீட்டர்சன், சார்ல்ஸ் மில்லர் முதலியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பற்றிக்கொண்டது. கலானஸ் மார்ஷலே என்ற கோபிபாடின் இளம் பருவங்கள் மேல்நீரில் இருந்து வெளியே போகின்றன. வளர்ந்தவை கீழே இறங்கி, உள்ளே வரும் நீரில் கரைக்குத் திரும்புகின்றன. போன பஸ்ஸிலிருந்து இறங்கி எதிர்ப்பக்கம் நின்று திரும்பும் பஸ்ஸைப் பிடிப்பது போலத்தான். அகார்ஷியா போன்ற சில கோபிபாடு இனங்கள் இந்தச் சுற்றுக்கே போகாமல் கரையை ஒட்டியே காலம் தள்ளுகின்றன.

ஆக, ஓர் இனம் எந்த ஆழத்தில் எந்தப் பருவத்தைக் கழிக்கிறது என்பதே அது எங்கே கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. சோமாலியக் கரையில் இது இன்னும் தீவிரம். அங்கே மேலெழுதல் தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்து அதோடு போய்விடும். கலனாய்டஸ் காரினாட்டஸ் என்ற கோபிபாடு மீதி மாதங்களை, முதிர்ச்சிக்கு ஒரு படி முந்தைய பருவத்தில், 500 மீட்டருக்கும் கீழே, ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரில், உடலில் சேர்த்த கொழுப்பைச் செலவழித்தபடி உறங்கிக் கழிக்கிறது. காற்று தொடங்கியதும் மேலே வந்து முதிர்ந்து முட்டையிடுகிறது. தவறான மாதத்தில் மேல்நீரில் மட்டும் வலைவீசுபவர் அந்த இனமே இல்லை என்று எழுதிவிடக்கூடும்.

என் கட்டுரையில் இடமில்லாமல் போன ஒன்றும் உண்டு. எந்தக் கடலிலிருந்து வந்த நீர் என்பதும் முக்கியம். ஓரிகனுக்கு வடக்கிலிருந்து வரும் கோபிபாடுகளை நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணாடி போன்ற உடலுக்குள் நீளவாக்கில் ஓர் எண்ணெய்ப் பை பளபளக்கும். தெற்கத்திய வெப்பநீர் இனங்கள் பொதுவாகச் சிறியவை, கொழுப்பும் குறைவு. 2014 செப்டம்பரில் பசிபிக்கின் வெப்பநீர்த் திரள் ஓரிகன் கரையை எட்டியது. 2015 கோடையில் காற்று வழக்கம்போல் வீசி மேலெழுதல் நடந்தும், வலையில் தெற்கத்திய இனங்களே மேலோங்கின. அதற்கு முன்பே, 2014-15 குளிர்காலத்தில், விலங்கு மிதவைகளைத் தின்னும் காசின் ஆக்லெட் என்ற சிறு கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் பட்டினியால் செத்துக் கரை ஒதுங்கின. ‘மேலெழுதல் நடந்தால் மீன் பெருகும்’ என்று பாடப்புத்தகம் போல ஒரே வரியில் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாமல் போனது இதனால்தான்.

செயற்கைக்கோளா? அது மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தின் நிறத்தையும் பார்க்கும். கோபிபாடுகள் மேய்ந்து தீர்த்த நீர் அதன் கண்ணுக்கு வறண்ட நீராகத் தெரியலாம். எண்ணெய்ப் பை இருக்கிறதா என்று அது எங்கே பார்க்கப்போகிறது? அதனால்தான் ஓரிகனின் நியூபோர்ட் துறைமுகத்திலிருந்து 5 கடல்மைல் தொலைவில், 62 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், 1996 முதல் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படகில் போய் வலையை இறக்குகிறார்கள். வாய் அரை மீட்டர் அகலம், கண்ணி 202 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தரைக்குச் சற்று மேலிருந்து நேராக மேலே இழுத்து, சிக்கியதை இனம் பிரித்து எண்ணுகிறார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் கோஹோ, சினூக் என்ற சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆறுகளுக்கு எவ்வளவு திரும்பும் என்று கணிக்க, கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசின் நோவா அமைப்பு பார்க்கும் குறியீடுகளில் இந்த எண்ணிக்கையும் ஒன்று.