மகளின் தெரிவுப் பட்டியலில் ஓர் ஊரின் பெயர் மட்டும் இருக்கலாமா?

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

சென்ற சனிக்கிழமை கொக்கட்டிச்சோலையிலிருந்து பஸ் ஏறி மகளையும் அழைத்துக்கொண்டு மட்டக்களப்புக்கு வந்திருந்தீர்கள். கிளினிக் அட்டையோடு சேர்த்துப் பொலித்தீன் உறைக்குள் மடித்து வைத்திருந்த உயர்தரப் பெறுபேற்றுத் தாளை மேசையில் விரித்து, இந்தப் புள்ளிக்குக் கம்பஸ் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் பிள்ளையைக் கொழும்பில் கார்மெண்டுக்கு அனுப்பட்டுமா என்று ஒரே மூச்சில் கேட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் பலர் காத்திருந்தபடியால் அன்று அரைகுறையாகச் சொன்னதை இப்போது முழுமையாக எழுதுகிறேன்.

பெறுபேற்றுத் தாளில் எல்லோரும் முதலில் பார்ப்பது பி, சி என்ற எழுத்துகளைத்தான். ஆனால் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது அதே தாளில் உள்ள, பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கப்படும் இசட் புள்ளியும், அந்தப் புள்ளிப்படி மகள் தன் மாவட்டத்தில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறாள் என்பதும் ஆகும். ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் உங்கள் மகளுக்கு இருப்பதால் அவள் விண்ணப்பிக்கத் தகுதி பெற்றவள். நாடு முழுவதும் இவ்வாறு தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

அந்த இடங்கள் பகிரப்படும் முறை இதுதான். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை ஒழுங்கின்படி நிரப்பப்படுகின்றன. 55 வீதம் சனத்தொகை விகிதப்படி எல்லா மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. எஞ்சிய 5 வீதம் கல்வி வசதியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக வழங்கப்படுகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் அடங்குகின்றன. ஆகவே கொழும்பிலோ கண்டியிலோ உள்ள பிள்ளைக்குப் போதாத ஒரு புள்ளி, இங்குள்ள பிள்ளைக்குப் போதுமானதாக இருக்கலாம்.

“கோட்டாவில் போன பிள்ளை என்று சொல்வார்களே” என்று உங்கள் மகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. 1970களில் கொண்டுவரப்பட்ட, மொழிமூலப்படி புள்ளிகளைச் சரிசெய்த தரப்படுத்தல் தமிழ் மாணவர் மனத்தில் பெரிய காயத்தை உண்டாக்கியது உண்மை. ஆனால் 1974இல் தொடங்கிய மாவட்ட அடிப்படை, அதுவரை பல்கலைக்கழக வாசலையே காணாத எத்தனையோ கிழக்கு மாகாணக் குடும்பங்களுக்கு அந்த வாசலைத் திறந்துவிட்டதும் உண்மை. ஒரு தவணை முழுவதும் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல், மின்சாரம் நின்ற இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து அவள் எடுத்த புள்ளியை, நகரத்தில் ஒரு பாடத்துக்கு இரண்டு ரியூசன் வகுப்புக்குப் போன பிள்ளையின் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்துச் சமமாக அளப்பது எப்படி நீதியாகும்? ஒதுக்கீடு அவளுக்குக் கிடைக்கும் இரக்கம் அன்று, உரிமை. அந்தச் சொல்லுக்காக அவள் ஒருபோதும் தலை குனியத் தேவையில்லை.

என்னை வருத்துவது வேறொரு விடயம். மாவட்ட ஒதுக்கீடு மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. வாவியைக் கடந்து, அதன் மேற்குக் கரையான உங்கள் படுவான்கரைக்கு வருவதில்லை. மட்டக்களப்பு மாவட்டத்துக்குரிய இடங்களுக்காக உங்கள் மகள் போட்டியிடுவது நகரப் பாடசாலைப் பிள்ளைகளோடுதான். அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்த ஓர் அண்ணனோ மாமாவோ அநேகமாக இருப்பார். உங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போகப்போகும் முதல் ஆள் அவள்தான். இந்த வேறுபாட்டை எந்த ஒதுக்கீடும் ஈடுசெய்வதில்லை. அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், பொத்துவில் பக்கத்துக் கிராமங்களின் பிள்ளைகளுக்கும் நிலைமை இதுதான்.

இனி மகள் அன்று கொண்டுவந்திருந்த கொப்பிக்கு வருகிறேன். மகள் கொப்பியின் பின்பக்கத்தில் தன் தெரிவுகளை எழுதி வைத்திருந்தாள். மூன்றே மூன்று வரிகள், மூன்றிலும் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலை. ஏன் என்று கேட்டதற்கு அவள் உங்கள் முகத்தைப் பார்த்தாள். பொம்பிளைப் பிள்ளையை வேறு ஊருக்கு அனுப்ப ஏலாது என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. தகப்பன் இல்லாத வீட்டில் ஒரு பெண் பிள்ளையை வளர்த்தெடுத்தவரிடம் பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் மூன்று வரிகளோடு பட்டியலை முடித்தால், அந்த மூன்றுக்கும் புள்ளி எட்டாவிட்டால் அவளுக்கு எதுவுமே கிடைக்காது. அவளைவிடக் குறைந்த புள்ளி பெற்ற பிள்ளை ஒலுவிலிலோ கிளிநொச்சியிலோ படித்துக்கொண்டிருக்கும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தெரிவுப் பட்டியலை மேலிருந்து கீழாக வாசிக்கிறது. முதலாவது தெரிவுக்குப் புள்ளி போதாவிட்டால் இரண்டாவதைப் பார்க்கும், பிறகு மூன்றாவதை. மேலே பெரிய ஆசையை எழுதுவதால் கீழே உள்ள வாய்ப்புக் குறைந்துவிடாது. ஆகவே பட்டியலை உண்மையான விருப்பத்தின் வரிசையில் எழுத வேண்டும். நீளமாகவும் எழுத வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் படித்த ஒரு பையன், பக்கத்துக் கொமியூனிகேசன் கடையில் விண்ணப்பத்தை நிரப்பக் கொடுத்தான். அங்கிருந்தவர் கைக்கு வந்த ஒழுங்கில் கற்கைநெறி இலக்கங்களைத் தட்டிவிட்டார். ஐந்தாவதாக வரவேண்டிய கற்கைநெறி முதலாவதாக வந்தது. அதுவே அவனுக்குக் கிடைத்தது. விண்ணப்பம் முடிந்த பின்னர் வரிசையை மாற்ற இடமில்லை. அந்தப் பிள்ளையோடு அமர்ந்து அன்று ஒரு மணித்தியாலம் நான் செலவழித்திருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை. கடையில் தட்டச்சு செய்யக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வோர் இலக்கத்தையும் மகளே ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலோடு ஒத்துப்பார்த்த பின்னர்தான் அனுப்ப வேண்டும். முந்தைய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகள் மாவட்ட வாரியாக வெளியிடப்படுகின்றன. அவற்றில் மட்டக்களப்பு நிரலைப் பார்த்தால் எந்த இடத்தில் அவளுக்கு நம்பிக்கை உண்டு என்பது ஓரளவு தெரியும். நுண்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செயன்முறைப் பரீட்சையோ உண்டு. அதற்கான அறிவித்தலைத் தவறவிட்டால் புள்ளி இருந்தும் பயனில்லை.

உங்கள் தம்பி, அடுத்த தடவைக்காக அவளை யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் சேர்க்கலாம் என்று சொன்னதாகக் கூறினீர்கள். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதால் மீண்டும் எழுதுவது தவறான யோசனை அன்று. ஆனால் விண்ணப்பதாரியின் மாவட்டம் எவ்வாறு தீர்மானிக்கப்படும் என்று கைநூலில் உள்ள பகுதியை வரி விடாமல் வாசித்த பிறகே பாடசாலை மாற்றத்தைப் பற்றி யோசியுங்கள். நல்ல ரியூசனைத் தேடிப் போய் மாவட்டத்தை இழந்துவிடக் கூடாது. எப்படியாயினும் இந்த ஆண்டுப் பெறுபேற்றுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தவே வேண்டாம்.

பணத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. செலவு சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் போக்குவரத்துக்கும்தான். 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலும், அது கிடைக்காதவர்களுக்கான உதவிப் பணமும் உங்களைப் போன்ற குடும்பங்களுக்காகவே இருக்கின்றன. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்ப வருமானம் அதில் கணக்கெடுக்கப்படுவதால் கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழைப் பெற்றுப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தி இப்போதே வைத்திருங்கள். ஆடு மாடு, அரை ஏக்கர் வயல் என்று கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்லாதீர்கள். இருப்பதை இருப்பதாகச் சொல்லுங்கள். முதலாவது கொடுப்பனவு கைக்கு வர மாதங்கள் செல்வதுண்டு. அந்த இடைவெளிக்கு என்று மடிக்கணினிக்காகவோ வேறெதற்காகவோ நுண்கடன் எடுக்க வேண்டாம். கிழமைக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் அந்தக் கடனால் எத்தனை தாய்மார் நொந்து போயிருக்கிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

விடுதியைப் பொறுத்தவரை, தூர இடத்திலிருந்து வரும் முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு முன்னுரிமை கொடுப்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் வழக்கம். பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது இன்னும் ஒழிந்துவிடவில்லை என்பதால், ஏதும் நடந்தால் அன்றே வீட்டுக்குச் சொல்லும்படி மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவீர்கள் என்ற பயம் மட்டும் அவளுக்கு வரக் கூடாது.

உங்கள் இளைய மகனின் பார்வைக் குறைபாட்டைப் போகிற போக்கில் சொன்னீர்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு உண்டு; பரீட்சையில் மேலதிக நேரமும் தேவைப்பட்டால் எழுத உதவியாளரும் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெறலாம். அவன் சாதாரண தரம் எழுதும் முன்னரே அதிபரிடம் பேசி மருத்துவ அறிக்கையைத் தயார் செய்யுங்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இடம் கிடைக்காவிட்டால் கார்மெண்டுதான் என்று முடிவெடுக்க வேண்டாம். தாளங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. கோவில்குளத்திலும் சம்மாந்துறையிலும் அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனத்திலும் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் நிலையம் உண்டு. பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை நீண்ட மாதங்கள் செல்லும். தொழில்நுட்பப் பட்டங்கள் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுவதால் அந்த மாதங்களை அவள் ஆங்கிலத்துக்கு ஒதுக்கினால் முதலாம் ஆண்டின் பாதிச் சுமை குறையும்.

வருகிற சனிக்கிழமை மீண்டும் வாருங்கள். மகளின் தேசிய அடையாள அட்டையையும் பெறுபேற்றுத் தாளையும் அந்தக் கொப்பியையும் கொண்டு வரச் சொல்லுங்கள். கைநூல் என்னிடம் இருக்கிறது. நான்காவது வரியை அவள் உங்களோடு பேசி வீட்டிலேயே எழுதிக்கொண்டு வரட்டும். ஐந்திலிருந்து மூவரும் சேர்ந்து எழுதுவோம்.