ஆணி இல்லை, காற்றும் நிற்பதில்லை

கேள்வி: என் மோட்டார் சைக்கிளின் பின் டயரில் நான்கு நாளைக்குள் பாதிக் காற்று இறங்கிவிடுகிறது. டியூப் இல்லாத டயர். இரண்டு கடைகளில் பார்த்தும் ஆணி எதுவும் இல்லை என்கிறார்கள். புது டயர் வாங்கவா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் வால்வு மூடியைக் கழற்றி, வால்வின் வாயில் ஒரு துளி எச்சில் வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் சிறு ஊசியை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். அதன் விலை உங்கள் பஸ் காசைவிடப் பெரிதாக இருக்காது.

குமிழி இல்லையா? காற்றை நன்றாக ஏற்றி, சவர்க்காரத் தண்ணீரை டயர் முழுவதும் ஊற்றிப் பொறுமையாகப் பாருங்கள். மெதுவான கசிவில் குமிழி உடனே எழாது. ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரமாவது ஆகும். கடைக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எனக்குச் சந்தேகம் ரிம் விளிம்பின் மேல்தான். கல்லடிக் கடற்கரைப் பக்கம் வண்டி நிறுத்தும் எனக்கும் இதுதான் நடந்தது. உப்புக் காற்றில் அலுமினியம் பூத்து, டயர் ரிம்மோடு ஒட்டும் இடத்தில் வெள்ளைப் பொடி படிந்துவிடுகிறது. டயரைக் கழற்றி, அந்த விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவச் சொல்லுங்கள். வெறும் விரலால் வேண்டாம், முறிந்த முள் அங்கேதான் ஒளிந்திருக்கும். நான் கற்றது இரத்தம் சிந்தி.